எச்.ஐ.வி. உள்ள பிள்ளையின் மாத்திரை வருஷக்கணக்கில் நிற்காமல் இருக்க

சிகிச்சை கிடைக்காவிட்டால், எச்.ஐ.வி.யோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுவார்கள். இந்தியாவில் அரசு ஏஆர்டி மருந்தை (எச்.ஐ.வி. வைரஸை அடக்கி வைக்கும் மருந்து) 2004-ல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. சின்ன வயதிலேயே மாத்திரை தொடங்கி, இடைவிடாமல் சாப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்து தொற்றில்லாத குழந்தையும் பெறுகிறார்கள். மருந்து வேலை செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். தினமும் வயிற்றுக்குள் போகிறதா என்பதில்தான் சிக்கல், அதுவும் 12 வயதுக்கு மேல்.

முதலில் எடை. குழந்தைக்கு டோஸ் எடையை வைத்துத்தான் முடிவாகும், அதனால் ஏஆர்டி சென்டருக்குப் போகும்போதெல்லாம் எடை பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மருந்தை மட்டும் வாங்கி வருவது பல வீடுகளில் வழக்கம். அப்படியே ஆறேழு மாதம் போனால் வளர்ந்த உடம்புக்குப் பழைய டோஸ்தான் போய்க்கொண்டிருக்கும். கரைத்துக் கொடுக்கும் மாத்திரை என்றால் சுத்தமான தண்ணீரில் கரைத்து அரை மணி நேரத்துக்குள் குடிக்க வையுங்கள், டம்ளரின் அடியில் ஒட்டியிருப்பதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுத்துவிடுங்கள். டோலுடெக்ராவிர் (ஏஆர்டி மருந்துகளில் ஒன்று) சாப்பிடும் பிள்ளைக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை ஏதாவது கொடுத்தால் (பள்ளியில் தருவதும் சேர்த்துத்தான்) டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்து போனால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. காசநோய் மருந்து தொடங்கினாலும் சொல்ல வேண்டும், டோஸ் மாறும்.

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்: தொடங்கிய 6-வது மாதம், 12-வது மாதம், அப்புறம் வருஷம் ஒருமுறையாவது. பிள்ளை பார்க்க நன்றாக இருக்கிறான், சிடி4-ம் (நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறையவில்லை என்பதெல்லாம் போதாது, வைரஸ் ஏறுவது முதலில் இந்தப் பரிசோதனையில்தான் தெரியும். வைரல் லோடு 1000-க்கு மேல் வந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மாத்திரை ஜன்னல் வழியாகப் போகும், உங்களிடம் "சாப்பிட்டேன்" என்பான். எந்த நேரத்தில் தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசுங்கள். சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டபின் மறுபடி பார்ப்பார்கள், மருந்தை மாற்றுவது பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இனி, எல்லாரும் தள்ளிப்போடும் வேலை: பிள்ளையிடம் நோயைப் பற்றிச் சொல்வது. பாட்டி வீட்டில் "சத்து மாத்திரை", அத்தை வீட்டில் "சளி மருந்து" என்று சொல்லி வைத்திருப்பார்கள். 6 வயதுவரை சமாளிக்கலாம், அதற்கு மேல் பொய் தாங்காது. பள்ளி வயதிலேயே, 6 முதல் 12-க்குள் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். "உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு, மாத்திரை அதைத் தூங்க வைக்குது, நிறுத்தினா முழிச்சுக்கும்" என்று தொடங்கலாம். நோயின் பெயரை 10 வயது வாக்கில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டப்பாவில் இருக்கும் மருந்தின் பெயரை போனில் தட்டிப் பார்த்துத் தானே தெரிந்துகொள்வாள், அப்போது வரும் கோபம் மாத்திரை மேல்தான் பாயும். "எனக்கு ஏன்?" என்று கேட்டால் பிறக்கும்போதே வந்தது, உன் தப்பு இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். அம்மாவே இதைச் சொல்வது கஷ்டம்தான், ஏஆர்டி சென்டர் கவுன்சிலரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பதின்பருவம் வந்ததும் இன்னொன்றும் தெரிய வேண்டும்: வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் நின்றால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது.

பள்ளியில் சொல்ல வேண்டுமா? கட்டாயமில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, இதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கவும் கூடாது, வெளியே சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

12 வயதிலிருந்து பொறுப்பைக் கைமாற்றுங்கள், ஒரே நாளில் அல்ல. முதலில் அவன் எடுப்பான், நீங்கள் பார்ப்பீர்கள்; பிறகு மாதக் கடைசியில் மீதி மாத்திரையை எண்ணினால் போதும். ஹாஸ்டலுக்குப் போகிறான் என்றால் இரண்டு மாதம் முன்பே இதைப் பழக்கிவிடுங்கள். மாத்திரையை எங்கே வைப்பது, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதையும் வீட்டிலேயே பேசி முடிவு செய்து, அந்த ஊருக்குப் பக்கத்து ஏஆர்டி சென்டருக்கு மாற்றல் வாங்கிக்கொள்ளுங்கள்.