சொட்டுநீர் மானியம் வாங்கணுமா, முதல்ல இதையெல்லாம் ரெடி பண்ணுங்க

தமிழ்நாட்டுல சொட்டுநீர் போட சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கு. 5 ஏக்கருக்குள்ள நிலம் இருந்தா தாசில்தார்கிட்ட சிறு குறு விவசாயி சான்று வாங்கிடுங்க, அதுக்குத்தான் நாள் இழுக்கும், அதனால அதை முதல்லயே ஆரம்பிங்க. கூடவே சிட்டா, அடங்கல், நிலவரைபடம், ஆதார், போட்டோ வேணும். பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருந்தா முதல்ல மாத்துங்க, நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க.

காய்கறி, பழம்னா தோட்டக்கலைத் துறை, நெல், பயறு மாதிரின்னா வேளாண்மைத் துறை, ரெண்டுல எதுன்னு பாத்து பதிவு பண்ணுங்க.

பதிவு ஆனதும் அங்கீகாரம் உள்ள கம்பெனி ஆளு வயலை அளந்து டிசைன் போடுவாங்க, அப்ப நீங்க கூடவே நில்லுங்க ப்ளீஸ். கோடைல கிணத்துல எவ்ளோ தண்ணி ஊறுது, மோட்டார் எத்தனை எச்பி, பயிர் இடைவெளி என்னன்னு சரியா சொல்லணும், மழைக்காலத்து தண்ணிய வச்சு கணக்கு போட்டா கடைசி வரிசைக்கு சொட்டே வராது. தண்ணியையும் டெஸ்ட் பண்ணிடுங்க, உப்புத் தண்ணின்னா சொட்டுவான் (தண்ணி சொட்டுற சின்ன துளை) அடைச்சுக்கும்.

வேலையை ஆரம்பிக்கலாம்னு துறை குடுக்கிற வேலை உத்தரவு கைக்கு வராம பைப் இறக்கவே விடாதீங்க.