ஆட்டோமேட்டிக் சின்ன கார் பார்க்கிறீர்களா?

புதுச்சேரியில் ஞாயிறு சந்தை நாளன்று காந்தி வீதிப் பக்கம் கார் ஓட்டியவர்களுக்கு கிளட்ச் மிதிக்கும் இடது கால் படும் பாடு தெரியும். சரி, ஆட்டோமேட்டிக் என்று ஷோரூமுக்குப் போனால், விளம்பரத்தில் பார்த்த ஆரம்ப விலை பெரும்பாலும் மேனுவலுக்குத்தான். பல சின்ன கார்களில் அடிமட்ட வேரியன்டில் ஆட்டோமேட்டிக்கே கிடையாது. வேரியன்ட் வாரியான விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எந்த வகை ஆட்டோமேட்டிக் என்றும் கேளுங்கள். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி, உள்ளுக்குள் மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாகக் கருவி இயக்கும். விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது லேசாகத் தலையாட்ட வைக்கும். கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி வகையில் அது இல்லை, காசு கூடுதல்.

டெஸ்ட் டிரைவை ஈசிஆரில் மட்டும் முடித்துவிடாதீர்கள். நெரிசல் நேரத்தில் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறினால், பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருள்கிறதா என்பது தெரிந்துவிடும்.