பிளஸ் டூ முடிவதற்குள் சமூகப்பணி மணிநேரத்தை நிறைவு செய்வது எப்படி? எல்லைப்புறத் தமிழ் மாணவர்களுக்கான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பிளஸ் ஒன் சேர்ந்தவுடன் எழும் கேள்விகளில் ஒன்று, பள்ளி கேட்கும் சமூகப்பணி மணிநேரத்தை எங்கே, எப்படி முடிப்பது என்பது. இதற்குப் பதில் சொல்வதற்கு முன், பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். ஏனெனில் விதி ஒவ்வொன்றிலும் வேறு.

ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. பள்ளிகளில் இது கட்டாயம். சமூகப் பயனுள்ள ஆக்கப்பணியும் சமூக சேவையும் சேர்ந்த பாடத்தில் ஏ முதல் ஈ வரை பள்ளியே தரம் இடுகிறது. ஈ தரம் பெற்றவர் மற்றப் பாடங்களில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தேர்ச்சிச் சான்றிதழ் பெற முடியாது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் உடல்நலக் கல்வியும் உடற்கல்வியும் சேர்ந்த பாடத்தின் ஒரு பகுதியாக ‘சேவா’ என்ற பெயரில் சமூகப்பணி இடம்பெறுகிறது. கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சிக்கு இது நிபந்தனை இல்லை. ஆனால் நாட்டு நலப்பணித் திட்டத்தில், அதாவது என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தவர் அதன் மணிநேரத்தை முழுமையாக முடித்தால்தான் சான்றிதழும் அதை ஒட்டிய கிரேஸ் மார்க்கும், அதாவது கூடுதல் சலுகை மதிப்பெண்ணும், கிடைக்கும். நம் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பதால் இக்கட்டுரை என்.எஸ்.எஸ்.ஸையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. பணியைத் தேர்ந்தெடுப்பது, குறிப்பேடு எழுதுவது பற்றிய செய்திகள் மற்றப் பள்ளிகளில் படிப்போருக்கும் பொருந்தும்.

காந்தியடிகளின் நூற்றாண்டு விழா ஆண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட திட்டம் இது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேர வழக்கமான பணியும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் இதன் அடிப்படைக் கணக்கு. ஓர் ஆண்டின் 120 மணியில் 20 மணி பயிற்சிக்கும், 30 மணிக்கு மிகாமல் பள்ளி வளாகப் பணிக்கும், மீதி 70 மணி ஊருக்குள் மக்களிடையே செய்யும் பணிக்கும் என்று திட்டத்தின் கையேடு பொதுவாகப் பிரிக்கிறது. இந்தப் பிரிவினையை மாணவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். பள்ளி மைதானத்தைச் சுத்தம் செய்தே நாளை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஆண்டுக் கடைசியில் ஊர்ப்பணிக்கான மணிநேரம் இல்லாமல் தவிக்கிறார்கள்.

கால அளவைப் பார்த்தால் வாரத்துக்கு மூன்று மணி என்பது பெரிய சுமை அன்று. நாற்பது வாரத்தில் 120 மணி ஆகிவிடும். ஆனால் அந்த நாற்பது வாரம் நடைமுறையில் கிடைப்பதில்லை. பிளஸ் ஒன் சேர்க்கை பல கட்டங்களாக நடந்து, அணி அமைந்து பணி தொடங்கும்போது மழைக்காலம் பாதி கடந்திருக்கும். இரண்டாம் ஆண்டிலோ, ஜனவரி பிறந்ததும் செய்முறைத் தேர்வு, மாதிரித் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று வரிசையாக வந்துவிடும். ஆகவே இரண்டாம் ஆண்டின் மணிநேரத்தை டிசம்பருக்குள் முடித்துவிடுவது என்று முதல் நாளிலேயே திட்டமிடுவது நல்லது. ஓணம் விடுமுறை, சனிக்கிழமைகள், முதலாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய கோடை விடுமுறை ஆகிய மூன்றையும் சரியாகப் பயன்படுத்தினால் போதும். கோடையில் செய்யும் பணி எந்த ஆண்டின் கணக்கில் சேரும் என்பதை மட்டும் திட்ட அலுவலரான ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பணியைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எல்லைப்புற மாணவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியிலும் கடைத்தெருவிலும் பழகி மலையாளம் படிக்கவும் எழுதவும் தெரிந்துகொள்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் பலருக்கு மலையாள எழுத்து தெரியாது. 1956 நவம்பரில் கேரள மாநிலம் உருவான நாள் முதல் இன்றுவரை, பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து வரும் ஒரு தாளைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் முதியவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். இந்தத் தேவையை நிறைவு செய்ய வெளியூரிலிருந்து யாரும் வர முடியாது. இரு மொழியும் அறிந்த பதினாறு வயதுப் பிள்ளையால் முடியும். மரக்கன்று நடுவதும் பேரணி போவதும் எல்லாப் பள்ளிகளும் செய்பவை. அவற்றை நான் குறைசொல்லவில்லை. ஆனால் 70 மணியில் பாதியையாவது இந்த மொழிப்பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

அதைச் செய்யும் முறை இதுதான். வார்டு மெம்பரிடமும் பஞ்சாயத்துச் செயலாளரிடமும் பள்ளியின் கடிதத்தைக் கொடுத்து, மாதம் இரு சனிக்கிழமைகளில் வாசகசாலையிலோ அங்கன்வாடியிலோ இரண்டு மணிநேரம் உட்கார அனுமதி பெற வேண்டும். ஒரு மேசைக்கு இரு மாணவர்களும், அவர்களுடன் ஓர் ஆசிரியரோ, பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் உறுப்பினரோ இருக்க வேண்டும். வருபவர்கள் கொண்டுவரும் தாள்கள் பெரும்பாலும் ஓய்வூதிய மஸ்டரிங் (ஓய்வூதியம் பெறுபவர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் பதிவு) அறிவிப்பு, ரேஷன் கார்டு திருத்தம், மின்கட்டண ரசீது, மருத்துவமனைச் சீட்டு ஆகியவையாக இருக்கும். மாணவர் முதலில் முழுவதையும் உரக்கப் படித்து, தமிழில் பொருள் சொல்லி, கடைசி நாள் எது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், என்ன தாள்கள் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். கணினியில் செய்ய வேண்டியது எதுவானாலும் அது அரசின் இணையச் சேவைகளைச் செய்துதரும் அக்ஷயா மையத்தின் வேலை. மாணவர் அங்கு வழிகாட்டி அனுப்பினால் போதும்.

படிவம் நிரப்புவதில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. மலையாளப் படிவத்தில் வீட்டுப்பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கும். நம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப்பெயர் வைக்கும் வழக்கமே இல்லாததால், ஒரு படிவத்தில் தெருவின் பெயரும், இன்னொன்றில் தோட்டத்தின் பெயரும், மூன்றாவதில் தகப்பனார் பெயருமாக எழுதிவிட்டு, பிறகு முகவரி ஒத்துவரவில்லை என்று அலைகிறார்கள். ரேஷன் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் எழுதுவதே வழி. இரண்டாவது, பெயர். தமிழில் ‘ப’ என்ற ஓரெழுத்து நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. பாக்கியம் என்ற பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் ஏறியிருக்கும். தலைப்பெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும் இதைப் போன்றதே. ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மாணவர் தாமே எதையும் மாற்றாமல், திருத்தத்துக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

இந்தப் பணியில் மீறக்கூடாத சில கட்டுப்பாடுகள் உண்டு. யாருடைய ஆதாரையும் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. ஓ.டி.பி. எண்ணைக் கேட்கவோ, சொன்னால் எழுதிவைக்கவோ கூடாது. பணத்தைக் கையால் தொடக் கூடாது. கையெழுத்தோ கைநாட்டோ உரியவரே இட வேண்டும். இவற்றை ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டால் வருபவர்களுக்கும் நம்பிக்கை பிறக்கும்.

மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய உரிமை ஒன்றும் உண்டு. மொழிச்சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்துள்ள இடங்களில் இருக்கும் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியிலேயே எழுதலாம் என்றும், பதிலும் அந்த மொழியிலேயே தரப்பட வேண்டும் என்றும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. முதியவர் ஒருவர் தமிழில் மனு எழுத விரும்பினால், மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லித் தடுக்காமல், தெளிவான தமிழில் எழுத உதவ வேண்டும்.

சித்தூரின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் செய்யத்தக்க இன்னொரு பணி கிணற்று நீர்மட்டக் கணக்கு. கேரளம் முழுவதும் மழையில் நனையும்போதும் மழைமறைவில் கிடக்கும் எருத்தேம்பதியும் வடகரப்பதியும் எவ்வளவு காய்ந்து கிடக்கும் என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவர் கட்டிய ஐந்தாறு பொதுக்கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, சுவரின் விளிம்பிலிருந்து நீர்ப்பரப்பு வரையிலான ஆழத்தை மாதம் ஒரே தேதியில், காலையில் மோட்டார் ஓடத் தொடங்கும் முன் அளக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனில்லாமல் அளக்கக் கூடாது. ஓராண்டு அளந்து வரைபடமாக்கிக் கிராம சபையில் கொடுத்தால், தண்ணீர் லாரி எந்த வார்டுக்கு எந்த மாதத்தில் தேவைப்படும் என்பதைப் பேச அது பயன்படும். இப்பணிக்கு மாதம் மூன்று மணிக்குமேல் ஆகாது. ஆனால் இடைவிடாமல் செய்ய வேண்டும்.

மலைப்பகுதித் தோட்டங்களில் இருப்பவர்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் சிறுபிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு சொல்லிக்கொடுக்கலாம். ஊர் வாசகசாலையில் தமிழ் நூல்களைத் தனியே பிரித்துப் பட்டியல் எழுதலாம். ஜூன் 19 வாசிப்பு நாளை ஒட்டி இதைத் தொடங்குவது எளிது. வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் சேகரிக்க வரும் நாளைத் தமிழில் அறிவித்து, தரம்பிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பாலியேட்டிவ் (வலிதணிப்புப் பராமரிப்பு) குழுவுடன் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்குப் போகலாம்; ஆனால் அங்கே மாணவரின் வேலை பேச்சுத்துணையும் மொழிபெயர்ப்பும் மட்டுமே, மருந்தும் சிகிச்சையும் செவிலியருக்கு உரியவை. இரத்ததான முகாமில் 18 வயது நிறையாதவர் இரத்தம் கொடுக்க முடியாது என்பதால் பெயர்ப்பதிவு போன்ற வேலைகளை ஏற்கலாம்.

எந்தப் பணியானாலும் குறிப்பேட்டில் ஏறாவிட்டால் அது கணக்கில் இல்லை. ‘அங்கன்வாடியில் சேவை செய்தேன், 3 மணி’ என்று எழுதினால் எந்த ஆசிரியரும் நம்பிக் கையெழுத்திடத் தயங்குவார். ‘சனிக்கிழமை காலை 10 முதல் 12.30 வரை வாசகசாலையில் இருந்தேன். ஏழு பேர் வந்தனர். நால்வருக்கு மஸ்டரிங் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். இருவருக்கு ரேஷன் கார்டுத் திருத்த மனு எழுத உதவினேன். ஒருவரின் தாள் புரியாததால் வில்லேஜ் ஆபீஸுக்கு அனுப்பினேன்’ என்று எழுத வேண்டும். வந்தவர்களின் பெயரை எழுத வேண்டியதில்லை. அன்றன்றே எழுதி, அங்கிருந்த பொறுப்பாளரிடம் அன்றே கையொப்பம் வாங்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக வாங்குவது சந்தேகத்துக்கு இடம் தரும். ஒவ்வொரு மாதமும் கூட்டுத்தொகையைத் திட்ட அலுவலரின் வருகைப் பதிவேட்டுடன் ஒத்துப்பார்க்க வேண்டும்.

டொரன்டோவில் உறவினர் இருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதாக இராது. ஒன்டாரியோ மாகாணத்தில் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணிநேரச் சமூகப்பணி கட்டாயம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 75 மணி கேட்கிறது. அதில் முன்தயாரிப்பு, செயல், பின்னர் அதைப் பற்றிச் சிந்தித்து எழுதுவது ஆகிய மூன்றும் அடங்க வேண்டும் என்கிறது. மூன்றாவதை நம் மாணவர்களும் மேற்கொள்ளலாம்: மாதம் ஒருமுறை அரைப்பக்கம், எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, அடுத்த மாதம் எதை மாற்றுவது என்று எழுதிவைத்தால், ஐ.எஸ்.சி. மாணவருக்கும் தரம் இடும்போது அது துணைநிற்கும்.

ஏழு நாள் முகாம் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் நடக்கும். பெண்பிள்ளைகளை இரவு தங்க அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பு. முகாமில் தங்கும் ஆசிரியைகள் யார், இடம் எது என்பதை முன்கூட்டியே நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் நேராகக் கேட்டுத் தெளிவு பெற்று அனுப்பலாம். முகாமைத் தவறவிட்டால் 240 மணியை முடித்திருந்தாலும் சான்றிதழ் சிக்கலாகிவிடும். உடல்நிலை காரணமாகப் போக முடியாதவர் மருத்துவச் சான்றுடன் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ உள்ள அமைப்பில் பணி செய்ய விரும்புபவர்கள், எல்லை தாண்டுவதற்கு முன்பே பள்ளியின் எழுத்து அனுமதி பெற வேண்டும். செய்தபின் கேட்டால் பெரும்பாலும் ஏற்பதில்லை. அங்கே தமிழில் தரும் சான்றின் கீழே தேதியும் மணிநேரமும் ஆங்கிலத்தில் இரண்டு வரியில் இருந்தால், தமிழ் படிக்கத் தெரியாத அலுவலரிடம் போகும்போது தாமதம் ஆகாது. பிளஸ் ஒன் முடித்து வேறு பள்ளிக்கு மாறுபவர்கள், பழைய பள்ளியில் முடித்த மணிநேரத்துக்கான சான்றை மாற்றுச் சான்றிதழுடன் சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக, இரண்டாம் ஆண்டு டிசம்பரில் குறிப்பேட்டை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கிரேஸ் மார்க்குக்கான பட்டியலைப் பள்ளிதான் அனுப்புகிறது. அதில் பெயர், பதிவெண், பிறந்த தேதி ஆகியவை எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மாணவரும் பெற்றோரும் சேர்ந்து பார்த்து, பிழை இருந்தால் பட்டியல் போவதற்கு முன்பே திருத்தக் கேட்க வேண்டும்.