ஆசிரமத்துக்குள் ஒரு சிரமம்

ஊருக்குக் கிளம்பும்போதே "நாலு நாள் ஏதாவது ரிட்ரீட் போகலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்கள் மனதில் இருப்பது பாதி கோயில், பாதி ரிசார்ட். நம் சொல்லில் அந்த ரிசார்ட்டுக்கு இடமில்லை. 'ஆசிரமம்' பிறந்தது பாடுபடுதல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து. தினமும் நாம் அலுத்துக்கொள்ளும் 'சிரமம்' அதன் கூடப்பிறந்தது. பிரமசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கு வாழ்நிலைகளுக்கும் இதே பெயர்தான். அதன்படி பார்த்தால், வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் ஏற்கெனவே ஓர் ஆசிரமத்தில்தான் இருக்கிறீர்கள். (ஈழத்தில் இதை 'ஆச்சிரமம்' என்று எழுதுவார்கள்.)

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது திருவண்ணாமலை ரமணாசிரமம். மதுரையிலிருந்து 1896-ல் ஓடிவந்த 16 வயதுப் பையன், பிற்பாடு ரமணர் என்று பெயர்பெற்றவர், பல வருடங்கள் மலைக்குகைகளில் இருந்தார். 1922-ல் அம்மா அழகம்மாள் மறைந்ததும், அடிவாரத்தில் அவரது சமாதியை ஒட்டிப் போட்ட கொட்டகைதான் பிற்பாடு ஆசிரமமாக வளர்ந்தது. ரமணர் விடியுமுன்னே சமையற்கட்டுக்கு வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், இலை தைப்பார். பந்தியில் தனக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் கோபித்துக்கொள்வார்.

சென்னையிலிருந்து 190 கிலோமீட்டர் சுமார். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் பஸ் கிடைக்கும். ஆசிரமம் இருப்பது செங்கம் சாலையில், பெரிய கோயிலிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி. அறைக்கு வாடகை இல்லை, ஆனால் வாரக்கணக்கில் முன்னதாகவே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டும். கொடுத்தாலும் சில நாட்களுக்குத்தான். நான் முதல் தடவை கேட்காமலே இரண்டு பெரிய பெட்டிகளோடு போய் நின்று, சாயங்காலம் முழுக்க லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன். அன்று பௌர்ணமி வேறு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், ஆட்டோ நகரவில்லை. பௌர்ணமி, கார்த்திகை தீபம், மார்கழியில் வரும் ரமண ஜயந்தி ஆகிய நாட்களைத் தவிர்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) நகல்களைக் கையில் வைத்திருங்கள். எங்கே தங்கினாலும் கேட்பார்கள்.

உள்ளே வகுப்பு கிடையாது, கால அட்டவணை போட்டு உங்களை நடத்துகிறவரும் கிடையாது. ரமணர் உட்கார்ந்திருந்த பழைய ஹாலில் போய் உட்கார வேண்டியதுதான். முதல் அரை மணி முழங்காலைப் பற்றியே நினைப்பு ஓடும், எனக்கு அப்படித்தான். போட்டோ எடுக்காதீர்கள். வேட்டியோ சல்வாரோ, தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும்.

மதியச் சாப்பாடு தரையில், இலையில். போதுமென்றால் பரிமாறுகிறவர் வரும்போதே இலைமேல் கையை நீட்டி மறையுங்கள், விழுந்தபிறகு சொல்லிப் பிரயோசனமில்லை. கீழே உட்கார முடியாத பெரியவர்கள் தயங்காமல் சொல்லலாம்.

பிள்ளைகள் சலித்துப்போனால் ஆசிரமத்தில் வளர்ந்த பசு லட்சுமியின் சமாதிக்கு அழைத்துப் போங்கள். அது 1948-ல் இறந்தபோது ரமணரே வெண்பா எழுதினார். பக்கத்திலேயே ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய்க்கும் சமாதி உண்டு. பின்பக்கத்திலிருந்து, மலைமேல் ரமணர் முன்பு இருந்த கந்தாசிரமத்துக்கு ஏறும் கல்பாதையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், பத்து மணிக்குமேல் கல் சுடும். கையில் பழப்பை வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்.

கிளம்பும்போது யாரும் பணம் கேட்கமாட்டார்கள். கொடுக்க நினைத்தால் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு விஷயம்: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால், ஓசிஐ அட்டை வைத்திருந்து ரூபாயாகவே கொடுத்தாலும் சட்டப்படி அது அயல்நாட்டு நன்கொடை. அதற்குத் தனிக் கணக்கு உண்டு, அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்த வம்பில்லை.