ஜெர்மனியிலிருந்து வந்த எள்ளுப்பாட்டியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நான் இருக்கும் ஊரின் நூலகத்தில், வம்சாவளி தேடி வருகிறவர்களுக்கு உதவியாக அவ்வப்போது உட்காருவேன். தொடக்கத்தில் நான் பட்ட அதே கோளாறுகளை இப்போது வருகிறவர்களும் வரிசை பிசகாமல் படுகிறார்கள். பெயரின் எழுத்து மாறியிருக்கும், வயது ஓரிரண்டு முன்பின் இருக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிய ஒரு பெண்ணைத் தேடும்போது ஆளைக் கவிழ்க்கிற விஷயங்கள் மட்டும் இங்கே.

ஊர் தெரியாமல் கடல் தாண்டுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் 'ஜெர்மனி' என்று இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் 'பிரஷ்யா', 'பவேரியா' என்று அப்போதைய ஜெர்மன் அரசு ஒன்றின் பெயர் இருக்கும். 1871-க்கு முன்னால் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் அரசுப் பிறப்புப் பதிவு வந்ததோ 1876-ல். அதற்கு முந்தையவர்களுக்குப் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுதான் கதி. அது ஊருக்கு ஊர், சபைக்குச் சபை தனி. ஊர்ப் பெயர் இல்லாமல் எந்தப் பதிவேட்டைத் திறப்பீர்கள்?

ஆனால் இணையத் தேடல் உங்களிடம் ஊர் கேட்பதில்லை. 'அன்னா மரியா முல்லர், 1838' என்று போட்டதும் ஞானஸ்நானப் பதிவுகளைக் கொட்டிவிடும். அந்தக் காலத்துக் கிராமங்களில் அன்னா மரியா இல்லாத தெருவே இருக்காது.

ஒருவர் தன் மனைவியின் எள்ளுப்பாட்டியை இப்படித்தான் தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் பிடித்தார். பெயர் பொருந்தியது, பிறந்த ஆண்டு பொருந்தியது, அப்பா தச்சர் என்று வீட்டில் சொல்லிவந்த கதையும் பொருந்தியது. அங்கே ஓர் ஆய்வாளரை அமர்த்தி, பணம் அனுப்பி, 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போர்க் காலம்வரை போய், வம்ச வரைபடத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் ஆயிற்று. என்னிடம் வந்தது பெருமையாகக் காட்டத்தான். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை தெரிந்தது. "இது என்ன?" என்றேன். "தேவாலயப் புத்தகம்தானே சார், சிலுவை இருக்காதா?" என்றார். குழந்தை இறந்தால் பாதிரியார் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து இடும் குறி அது. அடக்கப் பதிவேட்டைத் திறந்தோம். இரண்டு வயதுகூட நிறையாமல் போய்விட்டது அந்தக் குழந்தை. அமெரிக்கா வந்தவர் வேறு அன்னா மரியா.

பணம் போனதை அவர் பொறுத்துக்கொண்டார். என் ஆத்திரம் வேறு. இதற்குள் அந்த வம்சாவளியை முன்பின் தெரியாத பலர் தங்களுடையதில் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். இவர் தன்னுடையதை நீக்கிய பிறகும் அது உலவிக்கொண்டிருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதே இப்போது ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

சரியான ஊர் கடைசியில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கிடைத்தது. பாட்டி கல்யாணம் செய்துகொண்ட ஜெர்மன் சபையின் திருமணப் பதிவேட்டில், வட ஜெர்மனியில் இருந்த ஹனோவர் நாட்டுக் கிராமத்தின் பெயர் தெளிவாக இருந்தது. அமெரிக்க எழுத்தருக்கு எல்லாம் ஜெர்மனி. ஜெர்மன் பாதிரியாருக்கு எந்தக் கிராமம் என்பது கணக்கு.

ஆகவே முதலில் அமெரிக்கப் பக்கத்தைத் தோண்டித் தீருங்கள். சபைப் பதிவேடுகள், கல்லறைக் கல், ஜெர்மன் பத்திரிகைகளின் மரண அறிவிப்புகள். பால்டிமோரில் 1841 முதல் 1918 வரை 'டெர் டாய்ச்ச கரெஸ்பாண்டென்ட்' வந்தது. அதுபோல் பெரிய ஜெர்மன் குடியிருப்பு உள்ள நகரங்களில் எல்லாம் இருந்தன. பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் பாட்டியின் உடன்பிறந்தவர்களோ ஊர்க்காரர்களோதான் நின்றிருப்பார்கள். கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) சிப்பாயாக இருந்தவர் என்றால் விதவை ஓய்வூதியக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கல்யாணம் நடந்ததை நிரூபித்தால்தான் ஓய்வூதியம் என்பதால், வேறெங்கும் இல்லாத தகவல்கள் அதில் கிடக்கும்.

ஊர்ப் பெயர் கிடைத்த பிறகும் அவசரம் வேண்டாம். நொய்ஸ்டாட் என்ற பெயரில் ஊர்கள் ஏராளம். எந்த நொய்ஸ்டாட் என்று உறுதிசெய்த பிறகு கடல் தாண்டலாம்.

கணவர் வீட்டுப் பெயரில் மட்டும் தேடுவது

ஜெர்மன் பதிவேடுகள் கல்யாணமான பெண்ணுக்கும் பிறந்த வீட்டுப் பெயரைப் பெரும்பாலும் எழுதிவைத்தன. பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரைப் பாருங்கள்.

பாட்டி பெயரில் குடியுரிமைத் தாள் தேடுவது

1855 சட்டப்படி, கணவர் குடியுரிமை பெற்றால் மனைவிக்கும் தானாகவே கிடைத்தது. 1922 வரை அப்படித்தான். ஆகவே கல்யாணமான பெண்ணுக்குத் தனித் தாள் அநேகமாக இருக்காது. 1906-க்கு முந்தைய கணவரின் தாளிலும் மனைவி பெயர் இருப்பது அபூர்வம்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கணவர் குடியுரிமை வாங்காமலே இருந்திருந்தால், முதல் உலகப் போர் நடந்த 1918-ல் மனைவியும் எதிரி நாட்டவராகப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவளானாலும் ஜெர்மன்காரரைக் கட்டியிருந்தால் அதே கதிதான். புகைப்படம், கைரேகை எல்லாம் எடுத்தார்கள். பெரும்பாலான கோப்புகளை அழித்துவிட்டார்கள். கான்சாஸ் மாநிலக் கோப்புகள் தப்பித்திருக்கின்றன. குடும்பம் அந்தப் பக்கம் என்றால் விடாதீர்கள்.

"எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள்"

குடியேற வந்தவர்களை நியூயார்க்கில் சோதித்த நிலையம் அது. அங்கே யாரும் பெயரை மாற்றவில்லை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. அந்தத் தீவு திறந்ததே 1892-ல். உங்கள் பாட்டி 1860-களில் நியூயார்க் வந்தவர் என்றால் இறங்கிய இடம் காசில் கார்டன்.

ஜெர்மனியின் பிரேமன் துறைமுகப் பயணிகள் பட்டியலைத் தேடி அலைவது

பழையவை அநேகமாக இல்லை. வைக்க இடமில்லை என்று அதிகாரிகளே அழித்தார்கள். ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் இருக்கின்றன.

1890 அமெரிக்கக் கணக்கெடுப்பைத் தேடுவது

1921-ல் தீ விபத்து. ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 1900-க்குப் போங்கள். எந்த ஆண்டு வந்தார், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடு என்று அதில் கேட்டிருக்கிறார்கள். சபைப் பதிவேட்டில் இன்னும் எத்தனை ஞானஸ்நானங்களைத் தேட வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.