குடும்பக் குழுவை சிக்னலுக்கு மாற்றும்போது எதைப் பூட்டுவது, எதைத் திறந்து விடுவது?

சிக்னல் என்ற மெசேஜிங் ஆப்பை நிறுவிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது தப்புக் கணக்கு. பத்துப் பதினைந்து நாளில் ஒவ்வொருவராகப் பழைய குழுவுக்கே திரும்பிவிடுவார்கள். கேட்டால் "அதுல மெசேஜே வரமாட்டேங்குது", "ஸ்டிக்கர் ஒண்ணும் இல்லை" என்பார்கள். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் பிரைவசி பக்கத்தில் இருக்கும் எல்லா சுவிட்சையும் போட்டு வைப்பதில் பிரயோஜனம் இல்லை. உண்மையில் காப்பாற்றுபவை மூன்று நான்கு சுவிட்சுகள்தான். மீதி, தேவைப்பட்டவர்களுக்கு.

ஏன் சிக்னல் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: டெலிகிராமின் ஸ்டிக்கர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அதன் சாதாரண சாட்டில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) கிடையாது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறக்க வேண்டும், அதுவும் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும். குழுவுக்கு வழியே இல்லை. வாட்ஸ்அப் 2016 முதல் சிக்னலின் அதே ப்ரோட்டோகாலைத்தான், அதாவது பூட்டும் முறையைத்தான் பயன்படுத்துகிறது, எனவே செய்தியின் உள்ளடக்கம் பத்திரம். யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம்தான் அதன் உரிமையாளரான மெட்டா கையில் சேர்கிறது. சிக்னலிடம் 2021-ல் அமெரிக்க அதிகாரிகள் ஒரு கணக்கின் விவரம் கேட்டபோது அதனால் தர முடிந்தவை இரண்டே தகவல்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக சர்வரோடு இணைந்த நாள்.

ஆப்பை இறக்கி ஓடிபி போடுவது வரை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகிருந்து தொடங்கலாம்.

படி 1: முதலில் பேட்டரி, பிறகு பிரைவசி

ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களைச் சிஸ்டமே நிறுத்திவிடும். வாட்ஸ்அப் போன்ற பிரபல ஆப்களுக்குப் பெரும்பாலும் விலக்கு கிடைத்துவிடும், புதிதாக வந்த சிக்னலுக்குக் கிடைக்காது. அம்மா காலையில் அனுப்பிய செய்தி, மதியம் ஆப்பைத் திறக்கும்போதுதான் மொத்தமாகக் கொட்டும்.

சிக்னல் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோவுக்குப் போங்கள். பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' அல்லது 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதையும் போடுங்கள். சோதிக்க, போனை அரை மணி நேரம் திரை அணைத்து வைத்துவிட்டு இன்னொரு போனிலிருந்து செய்தி அனுப்பிப் பாருங்கள். உடனே மணி அடித்தால்தான் அடுத்த படி.

நோட்டிஃபிகேஷனில் 'பெயர் மட்டும்' என்று வைப்பது என் சிபாரிசு. பெயரும் வேண்டாம் என்று வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள்.

படி 2: எண்ணை மறைப்பதில் இருக்கும் பொறி

செட்டிங்ஸ், பிரைவசி, போன் நம்பர். இங்கே இரண்டு கேள்விகள் இருக்கும்: என் எண்ணை யார் பார்க்கலாம், என் எண்ணை வைத்து என்னை யார் கண்டுபிடிக்கலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வேலை வேறு.

முதலாவதை 'நோபடி' என்றே விடுங்கள். அப்படித்தான் ஏற்கெனவே இருக்கும். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு அது எப்படியும் தெரியும். குடியிருப்போர் குழு, பள்ளிப் பெற்றோர் குழு மாதிரி இடங்களில் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மட்டும் மறையும். பலருக்கு இந்த ஒன்றே போதும்.

இரண்டாவதையும் 'நோபடி' ஆக்கினால்தான் சிக்கல். புதிதாக சிக்னலுக்கு வரும் அத்தைக்கு, உங்கள் எண் போனில் இருந்தும், நீங்கள் சிக்னலில் இருப்பதே தெரியாது. "உன் பேரே வரலையே" என்று போன் வரும். குடும்பம் முழுக்க வந்து சேரும் வரை இதை 'எவ்ரிபடி' என்றே வையுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றுவதற்கு முன் யூசர்நேம் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த வசதி இது. பெயருக்குப் பின் குறைந்தது இரண்டு இலக்கங்கள் கட்டாயம். தேடிப் பார்க்கும் பட்டியல் எதிலும் இது வராது. முழுப் பெயரையும் இலக்கத்தோடு சரியாகத் தட்டினால்தான் ஆள் கிடைப்பார். பிளம்பரிடமோ கல்யாணத் தரகரிடமோ எண்ணுக்குப் பதில் இதன் கியூஆர் கோடைக் கொடுக்கலாம், வேலை முடிந்ததும் யூசர்நேமை மாற்றிவிடலாம்.

படி 3: பின் (PIN), ரெஜிஸ்ட்ரேஷன் லாக், பேக்கப்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே போவோம். ஓடிபி, சிக்னல் பின் (சிக்னலுக்கென்று நீங்களே வைக்கும் ரகசியக் குறியீடு), ஸ்கிரீன் லாக் மூன்றும் தனித்தனிச் சமாசாரங்கள். ஓடிபி எண் உங்களுடையதுதான் என்று காட்டுகிறது. ஸ்கிரீன் லாக் கையில் இருக்கும் போனில் ஆப்பைப் பூட்டுகிறது. சிக்னல் பின், போன் மாறும்போது உங்கள் புரொஃபைல், செட்டிங்ஸ், தொடர்புகள், பிளாக் பட்டியல் ஆகியவற்றை மீட்கிறது. செய்திகளை அது மீட்காது. பின் நினைவிருக்கிறதே என்று தைரியமாகப் பழைய போனை ரீசெட் செய்துவிட்டு, சாட் எங்கே என்று தேடுபவர்கள் ஏராளம்.

செட்டிங்ஸ், அக்கவுண்ட் பக்கத்தில் 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்' சுவிட்சைப் போடுங்கள். உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியை யாராவது கைப்பற்றினாலும், பின் இல்லாமல் அந்தக் கணக்கைத் தூக்க முடியாது. 2022 ஆகஸ்டில், சிக்னலுக்கு எஸ்எம்எஸ் சரிபார்ப்புச் சேவை தந்த ட்விலியோ நிறுவனத்துக்குள் ஆட்கள் புகுந்தபோது சுமார் 1,900 சிக்னல் பயனர்களின் எண்கள் அம்பலமாகியிருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. சிக்னல் அப்போது எல்லாருக்கும் சொன்ன யோசனையும் இந்த சுவிட்ச்தான்.

அதற்கு விலை உண்டு. பின் மறந்துவிட்டால், கணக்கு 7 நாள் செயல்படாமல் கிடந்த பிறகுதான் மறுபடி பதிவு செய்ய முடியும். அதனால் அப்பா அம்மா போனில் 'பின் ரிமைண்டர்' சுவிட்சை அணைக்கவே வேண்டாம். அவ்வப்போது பின் கேட்டுத் தொல்லை செய்கிறதே என்று அணைப்பவர்கள்தான் பிறகு மறக்கிறார்கள்.

பேக்கப்புக்கு, 2025 செப்டம்பரில் அறிவித்த 'செக்யூர் பேக்கப்' உங்கள் போனில் வந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இலவசத்தில் எழுத்துச் செய்திகளும், கடைசி 45 நாள் படம், வீடியோவும் சேரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதக் கட்டணம். தொடங்கும்போது 64 எழுத்து கொண்ட ரெக்கவரி கீ ஒன்று தரும். அதைத் தொலைத்தால் சிக்னலாலும் மீட்டுத் தர முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள், அது கேலரி வழியாக கூகுள் போட்டோஸுக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். தாளில் எழுதி பாஸ்போர்ட், பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர். என் ஓட்டு பிட்வார்டனுக்கு.

படி 4: மறையும் செய்திகள்

குடும்பக் குழுவுக்கு 4 வாரம் வையுங்கள். 5 நிமிடம், 1 மணி நேரம் எல்லாம் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நேரத்தை மறுநாள் தேடும்போது சண்டை வரும். பிரைவசி பக்கத்தில் வைக்கும் டைமர் அதற்குப் பின் நீங்கள் தொடங்கும் புதிய சாட்களுக்கு மட்டும். பழையவற்றுக்கு ஒவ்வொன்றாகப் போய் வைக்க வேண்டும். இன்னொன்று: அனுப்பியவர் போனில் அனுப்பிய நேரத்திலிருந்தும், பெற்றவர் போனில் படித்த நேரத்திலிருந்தும் கணக்கு ஓடும். மாதத்துக்கு ஒருமுறை ஆப்பைத் திறக்கும் தாத்தா போனில் அந்தச் செய்தி அப்படியேதான் இருக்கும். கேலரியில் சேமித்த படத்தை இந்த டைமர் தொடாது.

படி 5: கேளிக்கை

ஜிஃப் தேடலைத் தயங்காமல் பயன்படுத்தலாம். தேடல் ஜிஃபி தளத்துக்கு சிக்னலின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது. ஜிஃபிக்கு உங்கள் ஐபி (இணையத்தில் உங்கள் போனின் முகவரி) தெரியாது, சிக்னலுக்கு நீங்கள் என்ன தேடினீர்கள் என்று தெரியாது. லிங்க் பிரிவ்யூவில் (லிங்கோடு சேர்ந்து வரும் சிறு படம், தலைப்பு) கணக்கு வேறு: லிங்கைப் பெட்டியில் ஒட்டியதுமே உங்கள் போன் நேராக அந்தத் தளத்தைத் தொடர்புகொள்கிறது. பெறுபவரின் போன் தொடர்புகொள்வதில்லை. செய்தித் தளம், யூடியூப் என்றால் பிரச்சினை இல்லை. சந்தேகப்படும் லிங்கை "இது மோசடியா பாருங்க" என்று பகிர்பவரா நீங்கள்? சாட்ஸ் பக்கத்தில் அணைத்துவிடுங்கள்.

ஆனால் குடும்பத்தைப் பிடித்து வைப்பது சொந்த ஸ்டிக்கர் தொகுப்புதான். அதற்குக் கம்ப்யூட்டரில் சிக்னல் டெஸ்க்டாப் வேண்டும். ஃபைல் மெனுவில் ஸ்டிக்கர் தொகுப்பு உருவாக்கும் வழி இருக்கும்.

படத்தின் பின்னணியை நீக்க, முகம் தெரியும் போட்டோவை ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றாதீர்கள். இவ்வளவு மெனக்கெட்டதெல்லாம் அங்கேயே வீணாகிவிடும். கம்ப்யூட்டரில் ஓடும் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் போதும். 512-க்கு 512 பிக்சல் சதுரமாக வெட்டி, ஓரத்தில் 16 பிக்சல் இடம் விட்டு, உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் டார்க் மோடில் கறுப்பு முடி தெரியாது. பிஎன்ஜி (PNG) அல்லது வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். ஒவ்வொன்றும் 300 கேபிக்குள், தொகுப்புக்கு 200 வரை. அசையும் ஸ்டிக்கருக்கு ஏபிஎன்ஜி (APNG, அசையும் பிஎன்ஜி) மட்டுமே. ஜிஃப் ஏற்காது, 3 விநாடிக்கு மேல் ஏற்காது, சதுரமாக இல்லாவிட்டாலும் ஏற்காது. அளவு மீறினால் ஃப்ரேம்களைப் பாதியாக்குங்கள், தரத்தைக் குறைப்பதைவிட அது நன்றாக வரும்.

ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஒரு இமோஜி கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பைக் கொடுக்காமல் யோசித்துக் கொடுங்கள். அந்த இமோஜியைத் தட்டும்போது ஸ்டிக்கர் பரிந்துரையாக வருவது இதை வைத்துத்தான்.

ஏற்றும் பொத்தானை அழுத்துமுன் கவனம். தொகுப்பு என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, ஆனால் அதைத் திறக்கும் சாவி லிங்கிலேயே இருக்கிறது. லிங்க் கிடைத்தவர் எவரும் பார்க்கலாம், மற்றவர்களுக்குத் தரலாம். ஏற்றிய பின் திருத்தவோ அழிக்கவோ வழி கிடையாது. அதனால் குழந்தைகள் முகம் வேண்டாம். தாத்தாவின் கண்ணாடி, வீட்டு நாய், பாட்டியின் "சாப்டியா" கையெழுத்து, இவையெல்லாம் தாராளமாக.

விட்டுவிட வேண்டியவை

'ஆல்வேஸ் ரிலே கால்ஸ்' (அழைப்பை எப்போதும் சிக்னலின் சர்வர் வழியாக அனுப்புவது) எதிராளியிடமிருந்து உங்கள் ஐபியை மறைக்கும், கூடவே அழைப்பின் தரம் குறையும். தொடர்புகளில் இல்லாதவர் அழைத்தால் சிக்னல் எப்படியும் ரிலே வழியாகத்தான் இணைக்கிறது. வீட்டு ஆட்களோடு பேச இது தேவையில்லை. ஸ்டோரீஸை அவரவர் இஷ்டத்துக்கு விடுங்கள். செய்தியைப் படித்தாயிற்று என்று காட்டும் ரீட் ரிசீட்டும் அப்படியே. நீங்கள் அணைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை 'லிங்க்ட் டிவைசஸ்' பக்கத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். 2025 பிப்ரவரியில் கூகுள் வெளியிட்ட அறிக்கை, குழு அழைப்பு மாதிரி வேடமிட்ட கியூஆர் கோடுகளை ஸ்கேன் செய்ய வைத்து, அடுத்தவர் கணக்கைத் தங்கள் கருவியோடு இணைத்துக்கொள்ளும் உத்தியை விவரித்தது. அடையாளம் தெரியாத பெயர் பட்டியலில் இருந்தால் உடனே நீக்குங்கள்.

பின்சேர்க்கை: "சிக்னலில் மட்டும் ஜிபோர்டு (கூகுளின் கீபோர்டு) தமிழ்ப் பெயர்களைக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு முறையும் தப்பாகவே வருகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆண்ட்ராய்டில் பிரைவசி பக்கத்தில் 'இன்காக்னிட்டோ கீபோர்டு' போட்டிருப்பீர்கள். தட்டுவதைக் கற்காதே என்று கீபோர்டிடம் சிக்னல் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவே; கீபோர்டு கேட்டு நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் எடுப்பவர்களுக்கு நட்டம் கண்கூடு. அணைத்துவிடலாம், அல்லது பெயர்களை ஜிபோர்டின் பர்சனல் டிக்ஷனரியில் நீங்களே சேர்த்துப் பாருங்கள்.