பண்டிகை விருந்துக்கு முன், சமையற்காரரிடம் பேசுங்கள்

தீபாவளி வாரத்தில் வீட்டுப் பக்கத்து உணவகத்தில் இரவு விருந்து சாப்பிடப் போகிறீர்களா? கல்லாவில் பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. 2 நாள் முன்பே, மாலை 3 மணிக்கு மேல் 5 மணிக்குள் நேரில் போய், சமையற்காரரிடமே என்ன வேண்டும், எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள்.

மதிய வாழையிலைக் கூட்டம் கலைந்து, அவர் தோளில் துண்டோடு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) குடிக்கிற நேரம் அது, நின்று கேட்பார். கோலாலம்பூரின் சௌக்கிட் சந்தையில் விடியற்காலையில் நண்டு, ஆட்டிறைச்சி வாங்கும்போதே உங்கள் கணக்கையும் சேர்த்துக்கொள்வார். "அண்ணே, அம்மாவுக்குக் காரம் ஆகாது" என்று சொல்லி வையுங்கள். பிரட்டலில் மிளகாய் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கிற மனசு இந்தச் சின்னக் கடைக்காரர்களுக்கு உண்டு. அந்த அன்புக்காகவே நான் அங்கே போகிறேன். விலையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் விலை ஏறினால் நண்டுக்குப் பதில் வேறு என்ன நல்லது என்று அவரே சொல்வார்.

பஃபே வைக்கும் ஹோட்டல்களுக்கு இது சரிப்படாது. பண்டிகை அன்றைக்கே போய்க் கேட்டாலும் பயனில்லை, அடுப்படியில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.